எலிப்பாஷாணக்காரனைச் செம்புத் தகட்டில் நகலெடுப்பது: முழுமையான வழிகாட்டி

தோளில் உயிருள்ள எலி ஒன்றை ஏற்றிக்கொண்டு ஒருவன் வீட்டு வாசலில் நின்று எலிப்பாஷாணம் விற்கிறான். அவன் பிடித்திருக்கும் நீளக் கோலின் உச்சியில் ஒரு கூடை. கூடை விளிம்பில் உயிருள்ள எலிகள், அதற்குக் கீழே செத்த எலிகள் வாலோடு தொங்குகின்றன. கூட மருந்துப் பெட்டியோடு ஒரு பையன். வீட்டுக்காரர் பாதிக் கதவின் மேல் சாய்ந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் ‘வேண்டாம், போ’ என்கிறார். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1632-ல் போட்ட எச்சிங் இது. எச்சிங் என்றால், செம்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகைக் கீறி, திறந்த கோடுகளைக் கரைசலில் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை இட்டுத் தாளில் அச்சிடுவது. உயரம் 14 செ.மீ., அகலம் 12.5 செ.மீ. அவ்வளவுதான்.

எச்சிங் கற்க வருகிறவர்களுக்கு முதல் பயிற்சியாக இதைத்தான் கொடுக்கிறேன். இதில் இருட்டு, நடுத்தரம், வெளிர் என மூன்று தரக் கோடுகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும், ஏனென்றால் படத்திலுள்ள சிரிப்பு போய்விடும். வருகிறவர்களில் பலர் நன்றாக வரையத் தெரிந்தவர்கள்தான். அவர்கள் வழுக்குவது வரிசையில். அதனால் கீழே உள்ள படிகளை முன்பின் மாற்றாமல் செய்யுங்கள்.

இன்னொரு விஷயம். “கலோவின் கூனர்களை வரையலாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. பிரெஞ்சு எச்சிங் கலைஞர் ஜாக் கலோ கூன் விழுந்த கோமாளிகளை வரைந்த படங்கள் அவை. அவர் சாதாரண ஊசியோடு, முனை சாய்வாக வெட்டிய ‘எஷோப்’ என்ற கருவியையும் பயன்படுத்தினார். கோடு நடுவில் பருத்து இரு முனையிலும் மெலிவது அதனால்தான். அதைச் சாதாரண ஊசியால் பிடிக்க முயன்றால் வெறுப்புதான் மிஞ்சும். கோர்னெலிஸ் விஷர் 1655-ல் செய்த எலிபிடிப்பவனும் அருமையான படம். ஆனால் அளவில் மிகப் பெரியது, உளியால் நேரடியாகச் செம்பில் வெட்டிய கோடுகளும் கலந்தது. முதல் தகட்டுக்கு அது வேண்டாம்.

1. கையில் முதலில் இருக்க வேண்டியவை

ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள செம்புத் தகடு, 14-க்கு 12.5 செ.மீ. அளவில் ஒன்று. அதே செம்பில் விரல் அகலத் துண்டு ஒன்று. இந்தத் துண்டை வாங்காமல் வருபவர்கள்தான் அதிகம். ஆனால் வேலை முழுவதும் அதை நம்பித்தான் இருக்கிறது, ஏன் என்பது 7-ஆம் படியில்.

கடினமான எச்சிங் மெழுகு உருண்டை (தேன்மெழுகு, ரோசின், அஸ்பால்ட்டம் சேர்த்து உருக்கியது), ரப்பர் உருளை, மெழுகுவத்திகள், ஊசி, அரம், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, டர்பன்டைன், சாக்பொடி, எண்ணெய் சார்ந்த எச்சிங் மை, கஞ்சி போட்ட வலைத்துணி, பருத்திக் கூழில் செய்த தடித்த தாள்.

அரிப்பதற்கு பெர்ரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு செய்பவர்களுக்காக எலக்ட்ரானிக்ஸ் பொருள் கடைகளில் விற்பதுதான். கரைசலாகவே வாங்குங்கள். தூளாகக் கிடைத்தால், தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். நகைப்பட்டறையில் கிடைக்கிறதே என்று நைட்ரிக் அமிலம் வாங்கி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அதன் புகை வீட்டுக்குள் வைத்து விளையாடுகிற சமாசாரம் இல்லை.

அச்சிட இரும்பு உருளைகள் கொண்ட எச்சிங் பிரஸ் வேண்டும். பக்கத்தில் எந்தப் பட்டறையில் இருக்கிறது என்று தகடு வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். புத்தகம் கட்டுகிற திருகு பிரஸ் உதவாது. மை பள்ளத்துக்குள் இருப்பதால், ஈரத்தாளை அந்தப் பள்ளத்துக்குள் இறக்கும் அளவு அழுத்தம் ஒரு கோட்டில் குவிய வேண்டும்.

2. ஊசியைத் தொடும் முன்: மூன்று வண்ண வரைபடம்

ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத் தளத்தில் இந்தப் படத்தைப் பெரிய அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அசல் அளவில் ஒரு பிரதி, அதைப்போல் நான்கு மடங்கு பெரிதாக ஒரு பிரதி எடுங்கள். பெரியது பார்க்க, சிறியது வரைய.

இப்போது பெரிய பிரதியின் மேல் மூன்று கலர் பென்சிலால் பகுதி பிரியுங்கள். தூரத்து மரங்களும் பின்னணியும் நீலம், அதாவது வெளிர். வீட்டுச் சுவர், வீட்டுக்காரர், பையன் ஆகிய இடங்களில் பெரும்பகுதி பச்சை, நடுத்தரம். விற்பவனின் உடையில் நிழல் விழும் மடிப்புகள், தொப்பியின் ரோமம், கதவுக்குள் இருட்டு, இவை சிவப்பு.

பிரித்து முடித்ததும் பென்சில் படாத இடங்களைப் பாருங்கள். தள்ளுகிற கையைச் சுற்றிக் கோடு அதிகம் இல்லை. கூடை வெறும் வானத்தின் முன்னால் நிற்கிறது. தொங்கும் எலிகளின் வால் வெள்ளைத் தாளில் தனியாகத் தெரிகிறது. வேடிக்கை இங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. வீட்டுக்காரர் ஏன் முகத்தைத் திருப்புகிறார் என்று நாம் யோசிக்கும்போது, எலியை ஒழிக்க வந்தவனே ஊரிலுள்ள எலிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து நிற்பது தெரிகிறது. அந்த வால்களுக்குப் பின்னால் நீங்கள் ‘அழகுக்காக’ மேகக் கோடு போட்டால் வால் மறைந்துவிடும், நகைச்சுவையும் கூடவே போய்விடும்.

இந்தப் படியைத் தவிர்த்து நேராக ஊசியை எடுத்தவர்களின் தகடுகளைப் பார்த்தால் ஒரே அடையாளம்: எல்லாம் ஒரே சாம்பல்.

3. தகட்டைத் தயார் செய்தல்

நான்கு ஓரங்களையும் அரத்தால் சுமார் 45 பாகை சரிவாக்குங்கள். கூர்மையாக விட்டால் பிரஸ்ஸில் ஈரத்தாளை வெட்டும், தாளின்மேல் போடும் கம்பளத்தையும் வெட்டும். கம்பளம் விலை அதிகம். பட்டறைக்காரர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் எண்ணெய்ப்பசை நீக்கம். சாக்பொடியை அமோனியாவில் குழைத்துத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர் தாமரை இலையில் போல முத்து முத்தாக உருண்டால் பசை இன்னும் இருக்கிறது. தகடு முழுவதும் ஒரே படலமாகப் பரவினால்தான் சரி. கழுவிய பிறகு முகப்பை விரலால் தொடாதீர்கள். என் முதல் தகட்டில் விற்பவனின் கன்னத்தில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே அரிக்கப்பட்டு நின்றது. மெழுகு அந்த இடத்தில் மட்டும் ஒட்டவில்லை.

4. மெழுகு பூசி, கரி பிடித்தல்

தகட்டைச் சூடான தட்டின் மேல் வைத்து, மெழுகு உருண்டையை அதன்மேல் தேய்த்தால் உருகி ஒட்டும். உருளையால் நாலா பக்கமும் உருட்டி மெல்லிய படலமாக்குங்கள். தேன் நிறத்தில், உள்ளே செம்பு தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் தடித்த மெழுகு ஊசி போகும்போது சில்லு சில்லாகப் பெயரும். புகை வந்தால் சூடு அதிகம், மெழுகு கருகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

மெழுகு இளகியிருக்கும்போதே தகட்டைத் தலைகீழாகப் பிடித்து, இரண்டு மூன்று மெழுகுவத்திகளைச் சேர்த்துக் கட்டி, சுடரைக் கீழே ஓட்டிக்கொண்டே இருங்கள். கரி மெழுகில் கலந்து தகடு கண்ணாடிபோல் கறுக்கும். சுடர் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. கரி எதற்கு? ஊசி போன இடம் செம்பாக மின்னும், போகாத இடம் கறுப்பாக இருக்கும். இது இல்லாமல் என்ன வரைந்தோம் என்றே தெரியாது. டர்பன்டைன் பாட்டிலை இந்த வேலைக்கு முன்பே அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

5. இடவலம் மாற்றுதல்

அச்சில் எல்லாம் கண்ணாடி பிம்பமாகத் திரும்பும். எனவே தகட்டில் படம் அசலுக்கு எதிர்த்திசையில் இருக்க வேண்டும். கணக்குப் போட்டு மண்டையை உடைக்க வேண்டாம். டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் சிறிய பிரதியை நேராகவே பிரதியெடுங்கள். அந்தத் தாளைக் குப்புற, ஆறிய மெழுகின்மேல் வைத்து, பிரஸ்ஸில் லேசான அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். பென்சில் கோடு வெள்ளிபோல் மெழுகில் ஒட்டிக்கொள்ளும், தானாகவே திரும்பியிருக்கும்.

முக்கியமான வெளிக்கோடுகளை மட்டும் மாற்றுங்கள். நிழல் கோடுகளையும் மாற்றினால், அப்புறம் அவற்றை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் எழுத்தராகிவிடுவீர்கள், கோடு செத்துவிடும். பெயர் எழுத விரும்பினால் உங்கள் பெயரை எழுதுங்கள், எழுத்துகளைத் திருப்பி. ரெம்பிராண்ட்டின் கையொப்பத்தை நகலெடுக்காதீர்கள். பயிற்சி பயிற்சியாகவே இருக்கட்டும்.

6. ஊசியால் வரைதல்

ஊசி முனையை நுண்ணிய உப்புத்தாளில் வட்டமாகச் சுழற்றிக் கொஞ்சம் மழுக்குங்கள். கூர்மையான முனை செம்பில் மாட்டிக்கொள்ளும், வளைவில் இழுக்காது. மழுங்கிய முனை பேனாபோல் எந்தத் திசையிலும் வழுக்கும். அழுத்தம் தேவையில்லை. மெழுகை மட்டும் திறந்தால் போதும், செம்பைத் தோண்டுவது பெர்ரிக் கரைசலின் வேலை. அதே நேரம் மெழுகு முழுதாகத் திறக்கவும் வேண்டும். மங்கலாகத் தெரியும் கோடு அரிக்காது, மின்னும் கோடு மட்டுமே அரிக்கும்.

வரைகிற வரிசை: முதலில் பின்னணி மரங்கள், அப்புறம் வீடு, அப்புறம் ஆட்கள், கடைசியில் எலிகள். எல்லோருக்கும் எலியில்தான் கை அரிக்கும். ஆனால் முதல் ஒரு மணி நேரம் ஊசி கைக்குப் பழகாது, அந்தக் கன்றுக்குட்டி நடையை மரங்கள் பொறுத்துக்கொள்ளும். இலைக்கூட்டத்தில் ஒரு கோடு தவறினால் யாருக்கும் தெரியாது. தோளில் இருக்கும் எலியின் மூக்கில் தவறினால் அது பூனையாகிவிடும்.

கறுப்புத் தகட்டில் மின்னும் கோடுகள் நம்மை ஏமாற்றும். எங்கே இருட்டு வேண்டுமோ அங்கே தகடு ஒளிரும். கண் அதை ‘வெளிச்சம்’ என்று எடுத்துக்கொண்டு இன்னும் கோடு கேட்கும். சிவப்புப் பகுதியில் குறுக்குக் கோடுகளை அடர்த்தியாகப் போட்டுக்கொண்டே போனால், அரிக்கும்போது கோடுகளுக்கு இடையே உள்ள மெழுகு பெயர்ந்து பள்ளங்கள் ஒன்றாகிவிடும். அகலமான பள்ளத்தில் மை நிற்காது, துணி அதை வழித்து எடுத்துவிடும். மிகக் கறுப்பாக வர வேண்டிய தொப்பி, நடுவில் வெளிறிய திட்டாக வரும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மெழுகு தெளிவாகத் தெரியும் வரைதான் அடர்த்தி. கறுப்பை நேரத்தால் வாங்குங்கள், கோட்டின் எண்ணிக்கையால் வாங்காதீர்கள்.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக்காரரின் முகத்தைக் கார்ட்டூன்போல் கோணலாக்கத் தோன்றும். அசலில் மிகை கிடையாது. திரும்பிய தலையும் நீட்டிய கையும் போதும் என்று ரெம்பிராண்ட் விட்டிருக்கிறார்.

7. அரித்தல்

இது நிதானமாகச் செய்ய வேண்டிய படி.

முதலில் சோதனைத் துண்டு. அதிலும் அதே மெழுகு பூசி, ஐந்து குழுவாகக் கோடு போடுங்கள். பெர்ரிக்கில் இறக்கி 5, 10, 20, 40, 60 நிமிடங்களில் ஒவ்வொரு குழுவாக அரக்கு தடவி மூடி, கடைசியில் மெழுகைக் கழுவி அச்செடுத்துப் பாருங்கள். கரைசலின் வீரியமும் அறையின் சூடும் ஒவ்வொரு இடத்திலும் வேறு. வெயில் காலத்தில் வேகம் கூடும், பழைய கரைசலில் குறையும். நான் கீழே சொல்லும் நிமிடங்கள் என் தொட்டிக்கு, சுமார் 28 டிகிரி அறைக்கு. உங்கள் நிமிடங்களை உங்கள் துண்டுதான் சொல்லும்.

தகட்டின் பின்புறம் முழுவதும் பேக்கிங் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பின்பக்கச் செம்பும் கரைந்து கரைசல் வீணாகும். இரண்டு நீள டேப்களைக் கைப்பிடிபோல் வெளியே நீட்டிவிட்டு, தகட்டைக் குப்புற, பிளாஸ்டிக் தட்டின் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பெர்ரிக் அரிக்கும்போது உண்டாகும் வண்டல், தகடு மல்லாந்து கிடந்தால் கோட்டுக்குள்ளேயே தங்கி அரிப்பைத் தடுக்கும். குப்புற இருந்தால் கீழே விழுந்துவிடும். இறக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள், காற்றுக்குமிழ் அடியில் சிக்கினால் அந்த இடம் அரிக்காமல் வட்டமாக நிற்கும்.

இப்போது உங்கள் மூன்று வண்ண வரைபடத்தைப் பக்கத்தில் வையுங்கள். எல்லாக் கோடுகளும் சேர்ந்து முதல் 8 நிமிடம். எடுத்து, கழுவி, தண்ணீரை ஒற்றிக் காயவைத்து, நீலப் பகுதி முழுவதையும் அரக்கால் மூடுங்கள். அடுத்து 14 நிமிடம். கழுவி, பச்சையை மூடுங்கள். கடைசியாகச் சிவப்புக்கு மட்டும் இன்னும் 25 நிமிடம். ஆக மரங்களுக்கு 8, வீட்டுக்கும் பையனுக்கும் 22, தொப்பிக்கும் கதவு இருட்டுக்கும் 47.

இந்த வரிசையைத் திருப்ப முடியாது. ஆழமாகிவிட்ட கோட்டை மறுபடி மெல்லியதாக்குவது தனிப் பாடு. ஆழம் போதாத கோட்டையோ இன்னும் அரிக்கலாம்.

அரக்கு முழுதாகக் காயாமல் இறக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மின்விசிறிக்குக் கீழே 15 நிமிடம் வையுங்கள், விரலில் ஒட்டக் கூடாது. நைட்ரிக்கில் குமிழ் வரும், அதைப் பார்த்து நேரம் கணிப்பார்கள். பெர்ரிக்கில் குமிழ் வராது. ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்து நேரத்தை இரட்டிப்பாக்கியவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் கழுவிவிட்டு ஊசி முனையைக் கோட்டில் மெல்ல வைத்துப் பாருங்கள், பள்ளம் கையில் தட்டும்.

வேலை முடிந்த கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், எஃகுத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள். எஃகையே அரித்துவிடும், அதில் கரைந்த செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. பிளாஸ்டிக் கேனில் மூடி வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். முற்றிலும் தளர்ந்துபோனால் ரசாயனக் கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

8. மை இடுதலும் துடைத்தலும்

மெழுகை டர்பன்டைனிலும் அரக்கை ஸ்பிரிட்டிலும் கழுவுங்கள். டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது, ஸ்பிரிட் மெழுகைச் சரியாகக் கரைக்காது, அதனால் இரண்டும் வேண்டும்.

தகட்டைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, அட்டைத் துண்டால் மையை எல்லாத் திசையிலும் பள்ளத்துக்குள் தள்ளுங்கள். பின் வலைத்துணியைப் பந்தாகச் சுருட்டி, தட்டையாகப் பிடித்து வட்டமாகத் துடையுங்கள். விரல் நுனியால் துணியை அழுத்தினால் பள்ளத்திலிருக்கும் மை வெளியே வந்துவிடும். கடைசித் துடைப்பு உள்ளங்கையால்: கையில் கொஞ்சம் சாக்பொடி தொட்டு, தட்டிவிட்டு, தகட்டை லேசாக வருடுவது. கூடைக்குப் பின்னால் உள்ள வானத்தையும் தள்ளுகிற கையைச் சுற்றிய இடத்தையும் இப்படிப் பளிச்சென்று எடுங்கள். ஓரச் சரிவுகளையும் துடைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் படத்தைச் சுற்றிக் கறுப்பு அழுக்குச் சட்டம் வரும்.

9. தாளும் பிரஸ்ஸும்

தாளை மை இடுவதற்கு அரை மணி முன்பே தண்ணீரில் போட்டிருக்க வேண்டும். மை இட்ட பிறகு தாளைத் தேடினால் தகட்டில் மை காய ஆரம்பித்துவிடும். ஊறிய தாளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து ஒற்றுங்கள். மேலே தண்ணீர் மின்னக் கூடாது, தொட்டால் குளிர வேண்டும். அதிக ஈரம் மையைத் தள்ளிவிடும். காய்ந்த தாள் பள்ளத்துக்குள் இறங்காது, மெல்லிய கோடுகள் விட்டு விட்டு வரும்.

தகடு, அதன்மேல் தாள், அதன்மேல் கம்பளங்கள். நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக உருளையைச் சுற்றுங்கள். தாளின் பின்புறத்தைத் தடவினால் கோடுகள் புடைத்திருக்க வேண்டும், தகட்டின் ஓரம் நாலா பக்கமும் பதிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் தகட்டைக் குறை சொல்லாதீர்கள், பிரஸ்ஸின் இரண்டு திருகுகளும் சமமாக இல்லை.

10. முதல் பிரதிக்குப் பிறகு

முதல் பிரதி எப்போதும் ஏமாற்றும். துடைப்பு கைவர மூன்று நான்கு பிரதிகளாவது ஆகும், அதுவரை தகட்டைத் திருத்தாதீர்கள். நான்காவது பிரதியிலும் அதே குறை இருந்தால் மட்டும் தகட்டில் கை வையுங்கள்.

பின்னணி மரங்கள் ஆட்களோடு போட்டி போடுகின்றனவா? அவற்றை பர்னிஷர் என்ற மழுங்கிய எஃகுத் தேய்ப்புக் கருவியால், ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தேயுங்கள், கோடு ஆழம் குறைந்து வெளிறும். தொப்பி போதிய கறுப்பாக இல்லையா? மறுபடி மெழுகு பூசி அரிப்பதற்குப் பதில், கூரான எஃகு ஊசியால் நேரடியாகச் செம்பைக் கீறுங்கள். கீறலின் ஓரத்தில் எழும் பிசிறு மையைப் பிடித்து வெல்வெட்போல் கறுப்பைத் தரும். அந்தப் பிசிறு பிரஸ்ஸின் அழுத்தத்தில் சீக்கிரமே தேயும், அதனால் நல்ல பிரதிகளை உடனே எடுத்துவிடுங்கள். ரெம்பிராண்ட்டும் தகட்டில் அச்செடுத்துப் பார்த்து, திருத்தி, மறுபடி அச்செடுத்தவர்தான். இப்படி மாறும் ஒவ்வொரு கட்டத்தையும் ‘நிலை’ என்கிறார்கள்.

சரிபார்க்க நான் செய்வது இது. பிரதியைச் சுவரில் ஒட்டி, இந்தப் படத்தை இதற்கு முன் பார்க்காத ஒருவரை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, என்ன நடக்கிறது என்று கேட்பேன். “யாரோ ஏதோ விற்கிறார்கள்” என்றால் நடுத்தர அரிப்பு குழம்பியிருக்கிறது. கிட்டே வந்து, கோலின் உச்சியை அண்ணாந்து பார்த்து, அப்புறம் தோளைப் பார்த்து, “ஐயே, எலி!” என்றால் அந்தத் தகட்டில் இனி கை வைக்க வேண்டாம். மையைத் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, தாளில் சுற்றி வைத்துவிடுங்கள்.